கப்பல் தெரிந்தது, புத்தகம் தெரியவில்லை

என் கண்ணைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்வது எனக்குப் பல வருடப் பழக்கம். ஹார்பரில் நான் சிக்னல்மேன். கிரேன் ஓட்டுகிறவர் உயரத்தில் கேபினுக்குள் உட்கார்ந்திருப்பார். கப்பலின் வயிற்றுக்குள் அடியில் கிடக்கும் இரும்புச் சுருள் அவருக்குத் தெரியாது. அவருக்கு நான்தான் கண். நான் விரலை மேலே சுழற்றினால் ஏற்றுவார், கீழே சுழற்றினால் இறக்குவார், கையை முஷ்டியாக மூடினால் அப்படியே நிறுத்துவார். இருபத்திரண்டு வருடத்தில் என் கையைப் பார்த்து இறங்கிய சரக்கு எதுவும் ஆள் மேல் இறங்கியதில்லை. இதை டீக்கடையில் சொல்வேன், கல்யாண வீட்டில் சொல்வேன், கேட்காதவர்களையும் நிறுத்திவைத்துச் சொல்வேன். அப்படிப்பட்டவன் வீட்டிலேயே ஒரு கண் மெல்ல அணைந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. இன்னொரு அப்பா என்னைப் போல் ஏமாறக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இதிலும் பெருமை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். என் மகளைப் பற்றி எனக்கு வேறு மாதிரி எழுத வராது.

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி எங்கள் வீடு. லிஃப்ட் கிடையாது. அதனால் எங்கள் பிளாக்கில் எல்லா பால்கனியிலும் ஒரு கயிறும் ஒரு பையும் தொங்கும். காய்கறி, பால் பாக்கெட், மறந்துவிட்டுப் போன சாவி எல்லாம் அதில்தான் ஏறி இறங்கும். நான் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு மகள் மோனிஷா பால்கனியில் தயாராக நிற்பாள். நான் கத்த மாட்டேன். கேட்டிலிருந்தே விரலைக் கீழே சுழற்றுவேன், பை இறங்க ஆரம்பிக்கும். முஷ்டியை மூடினால் பை அந்தரத்தில் நிற்கும். பிளாக்கே வேடிக்கை பார்க்கும். எட்டு வயதில் என் சிக்னல் ஒன்றைக்கூட அவள் தவறவிட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் காசிமேட்டுக் கரைக்குக் கூட்டிப் போவேன். ஹார்பருக்குள் திரும்பும் கப்பலைக் காட்டி, "பேரு இன்னா, படி" என்பேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிவிடுவாள். "எங்கண்ணு இவளுக்கு அப்டியே வந்துகீது" என்று பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர்களிடம் சொல்வேன்.

முதலில் சந்தேகப்பட்டது என் மனைவி குமுதா. அவள் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவள். மோனியிடம் ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னால், அவள் நூலை ஊசிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குத்திவிட்டு எழுந்து ஓடிவிடுவாள். புத்தகத்தை எடுத்தால் இடது கண் மூக்குப் பக்கம் ஒதுங்கும்.

"இன்னாய்யா, பொண்ணு ஊசி கோக்க முடியாம ஓடுது, கண்ணு ஒரு மாரியா போவுது பார்" என்றாள் குமுதா.

"மாறுகண்ணு அதிஷ்டம், சொம்மா வுடு" என்றேன் நான்.

பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். மூன்றாம் வகுப்பு ஃபிளாரன்ஸ் டீச்சர் என்னை உட்காரவைத்து மோனியின் நோட்டைத் திறந்து காட்டினார். எனக்கு ஏதோ பூச்சி ஊர்ந்த மாதிரி மசமசவென்று தெரிந்தது. குழந்தையின் கையெழுத்து அவ்வளவு மோசம்போல என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

"போர்டுல எழுதினா படிக்கிறா. அதையே புக்ல படின்னா ரெண்டு வரிக்கு மேல போக மாட்டேங்கிறா. வரி தாண்டிடறா, கண்ணைக் கசக்கறா, தலை வலிக்குதுங்கறா. ஒரு தடவை கண்ணு டாக்டர்கிட்ட காட்டுங்க மோனிஷா அப்பா" என்றார் டீச்சர்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் மகளுக்குக் கண் தெரியாதா? அன்று சாயங்காலமே அவளைக் காசிமேட்டுக்கு இழுத்துப் போனேன். கப்பல் பெயரைப் படித்தாள். தீர்ந்தது விஷயம். வீட்டுக்கு வந்து புத்தகத்தை அவள் முன்னால் போட்டேன்.

"அம்மாந்தூரத்துல கீற கப்பல படிக்கிற, கைல கீற பொஸ்தகத்த படிக்க மாட்டியா? கொயுப்பு!"

"எயுத்து நீந்துது நைனா" என்றாள் மோனி.

"நீந்தறதுக்கு அது இன்னா மீனா?"

அந்தப் பாடத்தைப் பத்து முறை எழுதவைத்தேன். ஆறாவது முறையில் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். குமுதா அவள் வாயைக் கழுவிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நாளைக்கு நீ வேலைக்குப் போ, போவாத. நான் கூட்டிக்கினு போறேன்" என்றாள். நானும் லீவு போட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். டாக்டர் வாயாலேயே 'ஒன்றுமில்லை' என்று சொல்லவைத்து, இரண்டு பேரையும் மடக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அரசாங்கக் கண் ஆஸ்பத்திரி. சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, பெயர் கூப்பிட்டபோது உள்ளே போனோம். சுவரில் எழுத்துப் பலகை. அதற்கு எதிரே நாற்காலியில் மோனி. ஒரு பெண் முதலில் அவளுடைய இடது கண்ணை அட்டையால் மறைத்தார். மோனி கடகடவென்று கீழ் வரி வரை வாசித்தாள். நான் பக்கத்தில் நின்றவரிடம், "எம்பொண்ணு" என்றேன்.

அடுத்து வலது கண்ணை மறைத்தார். மோனி கழுத்தைத் திருப்பி அட்டையின் ஓரமாக எட்டிப் பார்க்கப் போனாள். அந்தப் பெண் அட்டையை ஒட்டிப் பிடித்தார்.

"சொல்லும்மா, மேல இருந்து."

"மேல ஏதோ ஒண்ணு கறுப்பா கீது. வேற ஒண்ணுமே இல்லியே" என்றாள் மோனி.

இத்தனை நாளாக அவளிடம் இரண்டு கண்ணையும் திறந்தே வைத்துக் கேட்டிருக்கிறேன். ஒன்றை மூடிக் கேட்க வேண்டும் என்று, கண்ணாலேயே பிழைக்கிற எனக்குத் தோன்றவில்லை.

பிறகு சொட்டு மருந்து. கண்ணின் பாப்பா விரிவதற்காகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விடுவார்கள். முதல் சொட்டு எரியும்; அடுத்த முறை நர்ஸ் வருவதைப் பார்த்தாலே குழந்தைகள் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொள்ளும். மருந்து விட்ட பிள்ளைகளெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சாய்ந்திருந்தார்கள். மோனி அழவில்லை. என் சட்டையின் பட்டனைப் பிடித்துத் திருகிக்கொண்டே, "நைனா, இது முட்ச்சா எயுத்து நீந்தாதா?" என்று கேட்டாள். அந்த மீன் பேச்சு தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா சின்ன வயதுதான், பொறுமையாக விளக்கினார். மோனிக்கு இருப்பது தூரப்பார்வை. பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. தூரத்தைப் பார்க்கவே அவள் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தம் கட்டி வேலை செய்கிறது. சின்ன வயதுக் கண், அதனால் தாக்குப்பிடிக்கிறது. கிட்டத்தில் புத்தகம் வந்தால் இன்னும் பல மடங்கு தம் கட்ட வேண்டும். கொஞ்ச நேரத்தில் களைத்து எழுத்து கலங்கிவிடும், தலை வலிக்கும். அந்த இழுப்பில்தான் இடது கண் மூக்குப் பக்கம் போகிறது. கண் கோணினால் மூளைக்கு இரண்டு படம் வரும். மூளை குழப்பம் வேண்டாமென்று இடது கண்ணின் படத்தை ஒதுக்கிவிடும். ஒதுக்கி ஒதுக்கி, அந்தக் கண் பார்க்கக் கற்றுக்கொள்ளாமலே நின்றுவிடுகிறது. இதற்குச் சோம்பேறிக் கண் என்று பெயர்.

"அப்ப பாப்பாக்குப் படிப்புல கொறை இல்லியா?" என்று குமுதா கேட்டாள்.

"ஒரு குறையும் இல்லம்மா. இவ்வளவு கஷ்டத்தோட ரெண்டு வரி படிச்சிருக்காளே, அதுவே பெருசு. உங்க பொண்ணு கெட்டிக்காரி" என்றார் டாக்டரம்மா.

நான் மோனியைப் பார்த்தேன். விரிந்த கண்ணை மூடிக்கொண்டு அம்மா மடியில் சாய்ந்திருந்தாள். இவளைத்தான் கொழுப்பு என்றேன்.

"இடது கண்ணு வந்துருமா டாக்டர்?"

"எட்டு வயசு. முன்னாடியே வந்திருக்கலாம். இப்பவும் முயற்சி பண்ணலாம், ஆனா வந்துரும்னு நான் எழுதித் தர முடியாது. கண்ணாடி போடணும். நல்ல கண்ணைத் தினமும் நாலு மணி நேரம் மறைச்சு, இந்தக் கண்ணுக்கு வேலை குடுக்கணும். விட்டு விட்டுப் பண்ணா பிரயோஜனம் இல்ல. அது உங்க கையில இருக்கு."

கண்ணாடி போட்ட முதல் நாள் மோனி தன் புத்தகத்தை விரித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நிக்குது" என்றாள். எழுத்தைத்தான் சொன்னாள்.

மறைப்பதுதான் பெரும்பாடு. கண்ணில் ஒட்டுகிற பட்டை எங்கள் ஊர் வியர்வையில் நிற்கவில்லை, தோலும் அரித்தது. குமுதா ஜாக்கெட் வெட்டிய துணியில் கண்ணாடியின் வலது பக்கத்துக்கு உறை தைத்தாள். எட்டிப் பார்க்க இடுக்கு இல்லாமல் ஓரம் மடித்து, பச்சை, மஞ்சள், ஜரிகை போட்டது என்று ஒரு டப்பா நிறைய. டாக்டரம்மா அதை வாங்கிப் புரட்டிப் பார்த்து, வெளிச்சம் புகவில்லை, நன்றாக இருக்கிறது என்று சொன்னார். குமுதாவின் கால் ஒரு வாரம் தரையில் படவில்லை.

பள்ளிக்கூடத்தில் முதல் இரண்டு நாள் பிள்ளைகள் கிண்டல் செய்தார்கள். ஃபிளாரன்ஸ் டீச்சர் திட்டவில்லை. ஒவ்வொருவராக ஒரு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு குவளைக்கு இடையில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். பாதிப் பேர் தரையில் ஊற்றினார்கள். அதன் பிறகு கிண்டல் நின்றது. டீச்சர் மோனியை ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் உட்காரவைத்தார். பாடத்தைக் கறுப்பு ஸ்கெட்சில் பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு எழுதிக் கொடுத்தார். ஒரு பத்தி முடிந்ததும் ஜன்னல் வழியாக வேப்பமரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த பத்திக்கு வரச் சொன்னார். இவை எதற்கும் காசு பணம் வேண்டியிருக்கவில்லை.

நான் என் பங்குக்கு எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். சாயங்காலம் வலது கண்ணில் உறையோடு மோனி பால்கனியில் நிற்பாள். நான் கேட்டிலிருந்து விரலைக் கீழே சுழற்றுவேன். பை அசையாது. நாலு அடி முன்னால் வந்து மறுபடி காட்டுவேன். அசையாது. முதல் நாள் தண்ணீர்ப் பம்பு வரை நடந்து வந்து, கிட்டத்தட்ட வீட்டுக்குக் கீழேயே நின்று காட்டிய பிறகுதான் பை இறங்கியது. அந்த இடத்தில் தரையில் சிவப்பு பெயின்ட்டால் ஒரு கோடு போட்டேன்.

மோனி மேலிருந்து, "நைனா, அது இன்னா?" என்றாள்.

"நீ இங்க கீற. நாளிக்கு தாண்டணும்."

வாரத்துக்கு ஒரு கோடு. பம்பிலிருந்து மாவு மில் படிக்கு, படியிலிருந்து டிரான்ஸ்பார்மருக்கு. நான் ஏமாற்றுகிறேனா என்று பார்க்கப் பிளாக்கில் ஆட்கள் கூடுவார்கள். ஆட்டோ பாஷா பாய் கோட்டை மறைக்காமல் வண்டியை வேறு பக்கம் நிறுத்த ஆரம்பித்தார். "மாமு, இன்னிக்கி எவ்ளோ?" என்று கேட்காமல் போக மாட்டார். மூன்று மாதம் கோடுகள் நகர்ந்தன. என் பழைய வாய் திரும்பி வந்தது. டீக்கடையில் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

டிரான்ஸ்பார்மருக்கு வந்ததும் நின்றுவிட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒன்றரை மாதம். அதே கோட்டின் மேல் புதுப் பெயின்ட் பூசிக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு அடி பின்னால் போனாலும் பை அசையாது. ஒருநாள் மோனி உறையைக் கழற்றித் தெருவில் வீசினாள். "இந்தக் கண்ணு வேணாம் நைனா. ஒரு கண்ணு போதும்" என்று அழுதாள். பாஷா பாய் அதை எடுத்துத் தூசி தட்டிப் பைக்குள் போட்டுவிட்டுப் போனார். எழுதித் தர முடியாது என்று டாக்டரம்மா சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக உறைத்தது. இவ்வளவுதானா, இதோடு நின்றுவிடுமா என்று பயந்தேன்.

அடுத்த பரிசோதனையில் இதைச் சொன்னபோது டாக்டரம்மா கேட்டார்: "உறை போட்டிருக்கிற நாலு மணி நேரம் பாப்பா என்ன செய்யறா?"

"டிவி பாத்துக்கினு இருப்பா. சாயங்காலம் என் சிக்னல பாத்து பை இறக்குவா" என்றேன்.

"எல்லாம் தூரத்து வேலை. கிட்டத்து வேலை குடுங்க. மணி கோக்கறது, புள்ளி சேர்க்கறது, சின்ன எழுத்து வாசிக்கறது. அந்தக் கண்ணு அதுலதான் கத்துக்கும்."

பஸ்ஸில் குமுதா என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னாள்: "ஆரம்பத்துலயே ஊசின்னு சொன்னேன். நீ கப்பலுன்ன."

அன்று முதல் சிக்னல் வாரத்துக்கு ஒருநாள் என்று குறைந்தது. உறை போட்ட நேரமெல்லாம் மோனி அம்மா பக்கத்தில். முதலில் பெரிய பாசிமணி, பிறகு சின்ன மணி, பிறகு கொக்கி தைக்கிற தடிமன் ஊசி. தினமும் திணறுவாள், தினமும் திட்டு வாங்குவாள், உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்காருவாள். என் வீட்டில் இரண்டு பெண்களும் பிடித்தால் விடாதவர்கள். ஒரு நாள் வேலையிலிருந்து வந்து பால்கனியைப் பார்த்தேன், ஆளில்லை. மூன்று மாடி ஏறினேன். வலது கண்ணில் மஞ்சள் உறையோடு மோனி ஒரு மெல்லிய ஊசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அதன் காதில் நூல் தொங்கியது. குமுதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் கோடு டிரான்ஸ்பார்மரைத் தாண்டியது. கிட்டத்தில் கற்ற கண் தூரத்தையும் தானே பிடித்துக்கொண்டது. நான் கேட்டில் போய் நின்று விரலைக் கீழே சுழற்றிய நாளில், பை கடகடவென்று இறங்கி வந்து தரையில் மோதியது. பாஷா பாய் ஆட்டோ ஹாரனை விடாமல் அடித்தார்.

பார்வை வந்தது, ஆனால் கண்ணாடி போட்டும் கோணல் முழுதாகச் சரியாகவில்லை. முழுப் பரீட்சை லீவில் ஆபரேஷன் என்றார்கள். குமுதாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள், கண்ணை வெளியே எடுத்து வைத்துவிட்டு மறுபடி பொருத்துவார்கள் என்று. டாக்டரம்மா சிரித்துவிட்டார். கண்விழி இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உள்பக்கம் இழுக்கிற தசையை மட்டும் கொஞ்சம் பின்னால் தள்ளித் தைப்பார்கள். கயிறு அதிகம் இழுத்தால் தளர்த்துவது போலத்தான். ஆனால் குழந்தை என்பதால் முழு மயக்கம் கொடுக்க வேண்டும். எனக்குப் பயம் அந்த மயக்கத்தில்தான்.

ரத்தம், எக்ஸ்ரே, மயக்க டாக்டரின் சம்மதம் எல்லாம் முடிந்து அட்மிஷன். காலையில் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்றார்கள். கையெழுத்துப் போட ஒரு தாளைக் கொடுத்து, "படிச்சுப் பாத்துப் போடுங்க" என்றார் நர்ஸ். நான் தாளைக் கையை நீட்டிப் பிடித்தேன், இன்னும் நீட்டினேன், படித்த மாதிரி தலையாட்டிவிட்டுப் போட்டேன். மோனி கட்டிலில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தியேட்டர் கதவு வரை அவள் என் விரலை விடவில்லை. உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்தாள். எனக்கு வேறு ஒன்றும் தோன்றாமல் விரலை மேலே சுழற்றினேன். ஏற்று. கதவு மூடியது. நானும் குமுதாவும் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றோம். குமுதா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கல்யாண போட்டோவுக்குப் பிறகு அப்படி நின்றது அன்றுதான். முக்கால் மணி நேரம் என்றார்கள், ஒன்றே கால் மணி நேரம் ஆனது. டிராலி வந்தபோது இடது கண்ணில் பெரிய கட்டு. வாய் ஏதோ முனகியது. முனகல் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

வார்டில் அம்மாவுக்கு மட்டும்தான் இடம். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். வாந்தி நின்றதா, இட்லி இறங்கியதா என்று எதுவும் தெரியாமல் கீழே மரத்தடியில் நின்றேன். சாயங்காலம் முதல் மாடி ஜன்னலில் குமுதா மோனியைத் தூக்கிப் பிடித்தாள். ஒரு கண் கட்டு, ஒரு கண் என்மேல். நான் விரலைக் கீழே சுழற்றினேன், பையை இறக்கு என்று. அவள் சின்ன முஷ்டியை மூடிக் காட்டினாள். நிறுத்து, சிரிக்கவைக்காதே, வலிக்கிறது. செக்யூரிட்டி வந்து, "இன்னாண்ணா, யாராண்ட பேசிக்கினு கீற?" என்றார். "எம்பொண்ணாண்ட" என்றேன். அன்று அவர் என்னை அங்கிருந்து விரட்டவில்லை.

கட்டுப் பிரித்தபோது வெள்ளை விழி ரத்தமாகச் சிவந்திருந்தது. மூன்று வாரத்தில் வெளுத்தது. கண் நேராக நின்றது. கண்ணாடி உண்டு, உறையும் இன்னும் கொஞ்ச காலம் உண்டு. கடைசிப் பரிசோதனையில் வலது கண்ணை மறைத்து, கையில் சின்ன எழுத்து அட்டையைக் கொடுத்தார்கள். இடது கண்ணால் மட்டும் மோனி கீழ் வரிக்கு முந்தின வரி வரை வாசித்தாள், நிற்காமல், நீந்தாமல். இந்த முறை நான் பக்கத்தில் இருந்தவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் மோனி தன் புத்தகத்தோடு என் முன்னால் வந்து நின்றாள். தன் உள்ளங்கையால் என் வலது கண்ணைப் பொத்தினாள்.

"இப்ப படி நைனா."

நான் புத்தகத்தைத் தூரமாகத் தள்ளினேன்.

"தள்ளக் கூடாது. ஏமாத்தாம படி."

பூச்சிகள் ஊர்ந்தன. கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினாள். அப்போதும் பூச்சிகள்தான். ஃபிளாரன்ஸ் டீச்சர் அன்று நோட்டைத் திறந்து காட்டியபோது தெரிந்த அதே பூச்சிகள். மோசம் அவள் கையெழுத்தில் இல்லை. ஆஸ்பத்திரித் தாளில் நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டதை இவள் அன்றைக்கே கண்டுபிடித்திருக்கிறாள்.

"எத்தினி நாளா?" என்றாள் குமுதா.

"ரெண்டு மூணு வருசமா. சொன்னா சிக்னல்மேனுக்குக் கண்ணு போச்சும்பாங்க."

"நைனா, கண்ணாடி போட்டா எயுத்து நிக்கும். பயப்படாத" என்றாள் மோனி.

மறுநாள் அதே ஆஸ்பத்திரி, அதே பெஞ்சு. இந்த முறை சீட்டு என் பெயரில். என் கூடவே மோனி; குமுதாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எனக்கு வயதானால் வருகிற வெள்ளெழுத்துதான், தூரம் முன்போலவே சுத்தம் என்றார்கள். கண்ணாடி கொடுக்கிற இடத்தில் ஒரு ரிஜிஸ்டரை நீட்டினார்கள், கூட வந்தவர் பெயர் எழுத. நான் பேனாவை எடுப்பதற்குள் மோனி வாங்கிக்கொண்டாள். எழுதி முடித்து நோட்டை என் பக்கம் திருப்பினாள். நான் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். 'த. மோனிஷா, நான்காம் வகுப்பு.' குட்டி எழுத்து, ஒன்றுகூடக் கோட்டைத் தாண்டவில்லை.